நாட்டுப்படகு மீனவர் சங்கம்: 2020-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

(9.1.2021 சனிக்கிழமை மாலை வலைக்கூடத்தில் கூடிய பொதுக்குழுவில் வாசித்தது)

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், படகுக்காரர் கூலிக்காரர் என்ற பேதமில்லாமல் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். முதல்முறையாகப் பொதுக்குழுவுக்கு வந்து பின்வரிசையில் நிற்கும் மீன் விற்கிற, நண்டுச் சதை எடுக்கிற பெண்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. விசைப்படகுக்கும் நமக்கும் கடல் நாளைப் பிரித்திருப்பதில் சனிக்கிழமை விசைப்படகு நாள், நமக்குக் கடல் இல்லை என்பதால்தான் கூட்டத்தை இன்று வைத்தோம். முகக்கவசத்தோடு வாசித்தால் மூச்சு முட்டுகிறது, நடுநடுவே இறக்கிவிட்டுக்கொள்வேன்.

வழக்கமாக இந்த அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான் வரும். எத்தனை கூட்டம், எத்தனை மனு, திருவிழாவுக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று வாசித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இந்த முறை குறிப்பேட்டைப் புரட்டினால் மார்ச் 22 முதல் மே கடைசி வரைக்கு மட்டும் முப்பத்தேழு பக்கம் இருக்கிறது. மிச்ச மாதங்கள் எல்லாம் சேர்ந்து பதினொரு பக்கம். அறிக்கையும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் சொல்லும்படி ஒன்றுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய பக்கத்தைப் பார்த்தால் கொரோனா சேதி அப்போதே நம் வாசலுக்கு வந்திருக்கிறது. சீனாவுக்கு உயிரோடு போகிற கல் நண்டுக்குத் தை மாதமே விலை இறங்கிவிட்டது. ‘அங்கே ஏதோ காய்ச்சலாம், பிளேன் போகலையாம்’ என்று வியாபாரி சொன்னதைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழேயே ‘விலையைக் குறைக்க வியாபாரி சொல்லும் சாக்கு’ என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

மணி

மார்ச் 22 ஞாயிறு நம் கடல் நாள். அன்று சுய ஊரடங்கு என்று அறிவித்திருந்ததால் ஒரு படகும் இறங்கவில்லை. மாலை 5 மணிக்கு டாக்டர்களுக்காகவும் நர்சுகளுக்காகவும் கை தட்டச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் தட்டோடும் டீசல் கேனோடும் நாலரைக்கே தயார். அம்மன் கோயில் மணியை ஒருவர் அடிக்க, மாதா கோயில் மணியும் கூடச் சேர்ந்துகொள்ள, பத்து நிமிஷம் ஊரே அதிர்ந்தது.

அந்தச் சத்தத்தில் மேலத்தெரு ஐயா ஒருவர், எண்பது வயதுக்கு மேல், இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார். ‘எந்தப் படகுடா வரல? எந்தப் படகு?’ என்று கேட்டார். நம் ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். படகு எல்லாம் கரையில்தான் நிற்கிறது, இது வேறு மணி என்று சொல்லி அவரைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அவர் நம்பவில்லை. வரிசையாக நின்ற வத்தைப் படகுகளை ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் நடந்தார்.

முள்

மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுவதும் 144. அன்றுதான் பிளஸ் டூவுக்குக் கடைசிப் பரீட்சை. நம் பிள்ளைகள் ஏழு பேர் எழுதிவிட்டு ஊர் வந்து சேரவும் டீக்கடை சாத்தவும் சரியாக இருந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து நாடு முழுவதும் 21 நாள் என்றார். இருபத்தொன்றை நாம் விரலில் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 14-இல் முடிகிறது, மறுநாள் 15-ஆம் தேதி விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ‘சரி, போகட்டும், நம்ம சீசனுக்குத் திறந்துவிடுவான்’ என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை இளைஞர்கள் ரோட்டு முனையில் சீமைக்கருவேலை வெட்டிப் போட்டு ஊரை அடைத்தார்கள். ‘இளைஞர்கள்’ என்று எழுதி நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். அரிவாள் பிடித்தது அவர்கள். எங்கே வெட்டலாம், எவ்வளவு உயரம் போடலாம் என்று கை காட்டியது செயற்குழு. அதில் நானும் ஒருவன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து நம் ஊருக்குப் பிரிகிற ரோடு ஒன்றே ஒன்றுதான் என்பது நமக்கு அன்று பெரிய வசதியாகத் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு முள், மேலே ‘வெளியாட்கள் வரக்கூடாது’ என்று ஒரு அட்டை. நல்ல வேலை செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.

நாலாம் நாள் இரவு 2 மணிக்கு எனக்கு மருமகள் முறையாகிற ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. 108-க்குப் போன் போட்டார்கள், வண்டியும் நேரத்துக்கு வந்துவிட்டது. வந்து, முள்ளுக்கு அந்தப் பக்கம் விளக்குச் சுழல நிற்கிறது. இந்தப் பக்கம் அந்தப் பெண் மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முள்ளைப் பச்சையாக வெட்டிப் போடுவது சுலபம். மூன்று நாள் வெயிலில் காய்ந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்ட கருவேலை இருட்டில் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கொப்பை இழுத்தால் நாலு கொப்பு கூட வரும், இல்லை ஒன்றுமே வராது. செல்போன் வெளிச்சத்தில், கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஆறு பேர் கால் மணி நேரம் இழுத்தோம். டிரைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அவரும் இறங்கி இழுத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பிறந்தது. பெண் குழந்தை. இப்போது ஒன்பது மாதம், தவழ்கிறாள். என் உள்ளங்கையில் ஏறிய முள் ஒரு வாரம் சீழ் கட்டியிருந்ததால் அன்றைய தீர்மானம் குறிப்பேட்டில் கோழி கிளறியது போல இருக்கும். ‘முள்ளை முழுதும் அப்புறப்படுத்துவது. பதிலாகக் கயிறு கட்டுவது. இரண்டிரண்டு பேர் முறைவைத்து நிற்பது.’ எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முள் வெட்டச் சொன்ன தீர்மானம் எங்கே என்று யாரும் தேட வேண்டாம். அது எழுதப்படவில்லை.

டிரம்

ஏப்ரல் 2 முதல் ரேஷனில் கார்டுக்கு ரூ.1,000, கூடவே விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி. டோக்கனை வீட்டுக்கு வந்தே கொடுத்தார்கள். கடை வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு கட்டம் என்று நாமே சுண்ணாம்பில் போட்டுக் கொடுத்தோம். முதல் நாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு கட்டத்திலும் ஆள் இல்லை. கட்டத்துக்கு ஒரு செருப்பு, ஒரு சாக்கு, ஒரு கட்டத்தில் உடைந்த குடத்தின் வாய். ஆட்கள் எல்லோரும் வேம்படி நிழலில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கொரோனா வந்தால் செருப்புக்கு ஆபத்தில்லை என்று தலைவர் சொன்னார்.

அப்புறம் கை கழுவுகிற பாடு. இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று ரேடியோவிலும் போன் காலர் டியூனிலும் இருமிக்கொண்டே சொன்னார்கள். நம் கிணறு உவர், சோப்பு நுரைக்காது, தயிர் போலத் திரிந்து கையில் ஒட்டும். கடல் தண்ணீரும் அப்படித்தான். காவிரிக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வருகிற நாளை நான் சொல்ல வேண்டியதில்லை. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரில் நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவ யாருக்கு மனசு வரும்? ஆகவே சங்கச் செலவில் டேங்கர் தண்ணீர் இறக்கி, நீல நிற டிரம் இரண்டு வாங்கி, குழாய் பொருத்தி, ஒன்றை ரேஷன் கடையிலும் ஒன்றைக் கரையிலும் வைத்தோம். இந்த டிரம் பற்றிக் கடைசியில் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலும் ரோடும்

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வெளியிலிருந்து கேட்கிறவர்கள் எல்லோரும் ‘உங்களுக்கென்ன, கடலில் யார் பக்கத்தில் வரப்போகிறார்கள்’ என்றுதான் கேட்டார்கள்.

மார்ச் கடைசியில் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 10-ஆம் தேதி, பெரிய வெள்ளியன்று, மீன்பிடிக்கு விலக்கு என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு வந்தது. நாட்டுப்படகுகளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கின. ஏலம் கூறக்கூடாது, கரையில் கூட்டம் சேரக்கூடாது என்று நிபந்தனை. நம் 46 படகுகளை மூன்று பங்காகப் பிரித்து, தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். முதல் பங்கில் பெயர் வந்தவர்கள் விசிலடித்தார்கள். மூன்று நாள் கழித்து அவர்களேதான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடல் அத்தனை நாள் சும்மா கிடந்ததாலோ என்னவோ, முதல் நாள் நண்டு வலையை இழுத்து ஏற்ற முடியவில்லை. வலைக்கண் முழுக்க நீலக்கால் நண்டு. கழற்றிப் பெட்டி பெட்டியாக வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நண்டு கம்பெனி வண்டி வரவில்லை. கம்பெனியே மூடிக் கிடந்தது, வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறவில்லை. ஐஸ் வாங்கப் போன பையனுக்குப் பாஸ் இல்லை. பாஸ் வாங்கிக்கொண்டு போனபோது ஐஸ் இல்லை. கடலை யாரும் பூட்டவில்லை, பூட்டியது ரோட்டை. நாம் பிடிக்கிற நண்டு நம் ஊர் ஆட்கள் தின்பதற்காகப் பிடிப்பதில்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்று நாள் நண்டுக் குழம்பு. நாலாம் நாள் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு ரசம் கேட்டன.

நண்டு போனால் போகட்டும் என்று வலையை மாற்றி மீனுக்குப் போனார்கள். சூடையும் காரலும் விழுந்தன. உள்ளூரில் எவ்வளவுதான் தின்பது? மூன்றாம் பங்கு படகுகள் வந்த அன்று ஏழு கூடை மீன் நாறத் தொடங்கியது. தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். (அந்தத் தென்னைகள் இந்த வருஷம் காய்த்திருக்கிற காய்ப்புக்குச் சங்கம் பங்கு கேட்கலாமா என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். தோப்புக்காரர் இங்கேதான் இருக்கிறார், அவரே பதில் சொல்லட்டும்.)

நாங்கள் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்துக் கீழத்தெரு அப்பத்தா ஒருவர் வந்தார். எட்டிக் குழியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். ‘புதைக்கிறதுன்னா உப்பைப் போட்டுப் புதைங்கடா, எளவெடுத்தவனுகளா’ என்றார். எழுத்தில் இவ்வளவுதான் சேர்க்க முடியும், மிச்சத்தை விட்டுவிட்டேன்.

அந்த ஏழு கூடையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் மறுநாள் வந்த மீனுக்கு அப்பத்தாதான் மேஸ்திரி. வெயிலில் காயவைக்கும் கருவாடு எல்லோரும் போடுவதுதான். இது குழிக் கருவாடு, நம்மில் பாதிப் பேர் பெயரை மட்டும் கேட்டவர்கள். மீனைக் கீறிக் குடலெடுத்துக் கடல் தண்ணீரில் அலசி, செவுளுக்குள் உப்பைத் திணிக்க வேண்டும். குழிக்குள் பனையோலைப் பாய் விரித்து, ஒரு அடுக்கு மீன் ஒரு அடுக்கு உப்பு என்று அடுக்கி, பாயை மடித்து மூடி மேலே மணல். எடுத்த பிறகு மீன் விறைக்காமல் சதை கெட்டியாக, ஒரு தனி வாசனையோடு இருந்தது. அப்பத்தா ஒரு மீனை எடுத்து முதுகை அமுக்கிப் பார்த்து, மோந்து, ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ வந்த பிறகுதான் மற்ற குழிகளைத் திறந்தோம். ஐஸ் பெட்டி ஊருக்கு வருவதற்கு முன்னால் அவருடைய மாமியார் இப்படித்தான் போடுவாராம்.

கருவாடு தயார். விற்பது? பஸ் இல்லை. பெண்கள் பதினோரு பேர் அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு விடியற்காலை நாலரைக்கு நடந்தே கிளம்பினார்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வேறொரு பாடு நடந்துகொண்டிருந்தது. முண்டு மிளகாய் வத்தல் பறித்துக் களத்தில் காயவைத்தாகிவிட்டது, சந்தை மூடியிருக்கிறது. எங்கள் வீட்டில் மீன் மக்குகிறது என்று இவர்கள் போனால், எங்கள் களத்தில் வத்தல் வெளுக்கிறது என்று அவர்கள். காசு இரண்டு பக்கமும் இல்லை. அப்புறம் என்ன, பழைய காலத்து மாற்றுதான். கருவாட்டுக்கு வத்தல், கருவாட்டுக்கு நெல், ஒரு வீட்டில் கருவாட்டுக்கு ஒரு சேவல். எத்தனை கைக்கு எத்தனை படி என்பதை அவர்களே பேசி முடித்தார்கள். செயற்குழுவைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நாங்கள் ஒரு கூட்டம் போட்டிருப்போம்.

வழியில் ஓரிடத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று இரண்டாம் நாள் வந்து சொன்னார்கள். சங்கத்துத் தாளில் ‘இவர்கள் எங்கள் ஊர் மீன் வியாபாரிகள், அத்தியாவசியப் பொருள் எடுத்துச் செல்கிறார்கள்’ என்று எழுதி ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்தேன். சட்டப்படி அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் விட்டுவிட்டார்கள். நம் முத்திரை 2011-இல் செய்தது, ஒரு ஓரம் தேய்ந்து படகின் பாய்மரம் பாதிதான் விழும்.

அந்த ஆறு வாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த அன்னக்கூடையால். ஆனால் நம் சங்க விதிப்படி படகு வைத்திருப்பவரும் படகில் போகிறவரும் மட்டுமே உறுப்பினர். மீன் விற்கிறவருக்கும் நண்டுச் சதை எடுக்கிறவருக்கும் இடமில்லை. விதியைத் திருத்தும் தீர்மானம் இன்று மூன்றாவதாக வருகிறது. செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் அதற்கு ஆதரவாக வாக்களிக்கப்போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தடைக்காலம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கட்டிக் கிடக்கும்போதுதான் நம் மீனுக்கு விலை. வருஷக் கடனை அந்த இரண்டு மாதத்தில்தான் அடைக்கிறோம். 2020-இல் அந்தக் காலத்தில் பாதி, ரோடு பூட்டியதில் போனது. மிச்சத்தையாவது பிடிக்கலாம் என்று இருந்தால், விசைப்படகுகள் ஊரடங்கில் ஏற்கெனவே சும்மா இருந்தன என்பதால் கிழக்குக் கரைத் தடையை மே 31-உடன் முடித்து 47 நாளாகக் குறைத்தார்கள். அவர்களுக்கு நஷ்டம், ஒப்புக்கொள்கிறோம். அந்த 14 நாள் நம் பையிலிருந்து போனதையும் யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். மனு கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கான ரசீது இருக்கிறது. ரசீது மட்டும் இருக்கிறது.

இருபது பேர்

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், மணிச் சத்தம் கேட்டுக் கரைக்கு ஓடி வந்தாரே, அந்த ஐயா இறந்துபோனார். கொரோனா இல்லை, வயது. நம் கரையில் ஒருவர் இறந்தால் அன்று ஒரு படகும் இறங்காது, ஊரே இடுகாடு வரை நடக்கும். இப்போது இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது. வீட்டார் என்னிடம் வந்து, ‘நாங்க எழுதினா சண்டை வரும், சங்கத்தில் எழுதிக் கொடுங்க’ என்றார்கள்.

தாளை எடுத்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்டேன். மகன்கள் மூன்று பேர், மகள்கள் இரண்டு பேர், மருமக்கள், தூக்குகிறவர்கள் நாலு பேர், பறைக்கு ஒருவர் போதும் என்றார்கள். பேரன்களில் எவனை விடுவது? அவரோடு நாற்பது வருஷம் ஒரே வத்தையில் போன கூட்டாளி இன்னும் இருக்கிறார். அவர் சொந்தம் இல்லை. பதினேழாம் எண்ணில் அவரை எழுதினேன், பிறகு அடித்தேன், பிறகு பத்தொன்பதில் எழுதினேன். ஒரு பேரன் என்னோடு இன்னும் பேசுவதில்லை. இந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

எடுத்துப் போகும்போது ஊர்க்காரர்கள் வெளியே வரவில்லை. ஆனால் தெரு நெடுக ஒவ்வொரு வாசல்படியிலும் ஆள் நின்றார்கள். கரையோரம் வந்தபோது பார்த்தால், படகுக்கு ஒரு ஆளாக அந்தந்த வத்தையின் முன்பக்க அணியத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது, ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு படகு இருந்தது. பத்தொன்பதாம் எண்ணில் எழுதிய அந்தக் கூட்டாளி இடுகாட்டுக்குப் போகவில்லை. அவரும் கரையிலேயே, அவர்கள் இரண்டு பேரும் போன வத்தையின் பக்கத்தில் நின்றுவிட்டார். பட்டியலில் ஒரு இடம் காலியாகவே போனது.

மற்றவை

ஏப்ரலில் ஒரு மதத்தாரைப் பழித்து ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவரைத் தலைவர் அரை மணி நேரத்தில் நீக்கினார். அவர் வருத்தம் தெரிவித்த பிறகு திரும்பச் சேர்த்தோம். அம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இதற்கு மேல் பேச வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. ஏப்ரல் 25-இல் நோன்பு தொடங்கியபோது பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவில்லை, அரிசியாக வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஐந்தரை மணிக்கு ஆளுக்கொரு தூக்குவாளியோடு மதில் ஓரம் நிற்கும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அந்த வருஷம் ஏமாந்துபோனார்கள். என் மகன் உட்பட.

குழுக் கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27-இல் அறிவித்தது. அதை வீட்டுக்கு வருகிற வசூல்காரருக்குப் படித்துக் காட்டுவதற்காக அந்த நாளிதழ் பக்கத்தை நகல் எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம். சில இடத்தில் வேலை செய்தது. தள்ளிவைத்த மாதத்துக்கும் வட்டி ஓடும் என்பதை நாங்கள் சரியாக எடுத்துச் சொல்லவில்லை, அது எங்கள் தவறு.

இரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட நம் ஊர்ப் பையன்கள் இருவர் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பலில் ஜூலை 1 தூத்துக்குடி வந்து, தனிமை முடிந்து வீடு சேர்ந்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை ஜூன் 9-இல் ரத்து செய்ததில் நம் பிள்ளைகள் எல்லோரும் பாஸ். அவர்களில் மூன்று பேர் இப்போது நண்டு வலைக்குப் போகிறார்கள், பள்ளிக்கூடம் திறந்ததும் அனுப்பும்படி பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பஸ் ஜூனில் கொஞ்சம் ஓடி, நின்று, செப்டம்பரில்தான் ஒழுங்காக வந்தது. டிசம்பர் முதல் வாரம் புரெவி புயலுக்குப் படகுகளை மேலே ஏற்றியதில் சேதம் இல்லை, ஒரு வத்தைக்கு மட்டும் பலகை பிளந்தது. சங்கப் பதிவைப் புதுப்பிக்கத் தாமதமாகி, அபராதம் கட்டினோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டு மட்டும் நான் சொல்கிறேன். திருவிழா நடக்காததால் மிச்சமான பணத்தைத்தான் டேங்கர் தண்ணீருக்கும், உப்புக்கும், அரிசிக்கும் எடுத்தோம். பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் எடுத்தோம், இன்று பின்னேற்பு கேட்கிறோம். இன்னொன்று, செலவுப் பட்டியலில் ‘முள் அகற்றிய வகையில் டீ, பன்: ரூ.180’ என்று ஒரு வரி வரும். யாரும் சிரிக்க வேண்டாம்.

அப்புறம் அந்த டிரம். ரேஷன் கடையில் வைத்தது பத்திரமாக இருக்கிறது. கரையில் வைத்த நீல டிரம்மை செப்டம்பருக்குப் பிறகு காணவில்லை. மூடி மட்டும் வலைக்கூடத்தில் கிடக்கிறது. யார் வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாலும் சரி, ஒன்றும் கேட்கமாட்டோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியே எடுப்பீர்கள் இல்லையா, அப்போது கண்ணில் பட்டால் கொண்டுவந்து மூடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். குழாயும் அதோடு இருக்க வேண்டும்.

செயலாளர்